மாமன் அனுப்பிய பட்டும் இரசாயனப் பட்டமும்

மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை அது. எங்கள் காம்பராவின் நடுவே பாயை விரித்து, பாயின் மேல் அம்மாவின் வெளுத்த துண்டை விரித்து, அதன் மேல் அதை வைத்திருந்தார்கள். வெளியே தூறல். அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. புடவையில் புகை ஏறிவிடும் என்று பக்கத்துக் காம்பரா மீனாட்சி அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு அறையில்தான் எங்கள் குடும்பம் முழுவதும் இருந்தது. அன்றைக்கு எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் நின்றார்கள்.

புடவையைக் கொண்டுவந்தவர் மேல் லயத்துப் பழனியாண்டி அண்ணன். சமயபுரத்துக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போய்விட்டு, தலைமன்னார்க் கப்பலில் திரும்பியிருந்தார். லால்குடிப் பக்கம் இருந்த என் மாமா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், அவர் கையில் இதையும் கூடவே ஒரு செய்தியையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

செய்தி இதுதான். பாக்கியம் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாமே, இங்கே திருச்சியில் பெண்களுக்கென்றே காலேஜ் இருக்கிறது, நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் நானாச்சு, பிள்ளையை அனுப்பிவை.

பாக்கியம் நான்தான். இலங்கையில் டிக்கோயாவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஹட்டன் மிஷன் பாடசாலைக்கு நடந்தே போய், அங்கே உயர் வகுப்பு வரைக்கும் வந்துவிட்ட முதல் பெண். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. நடந்தது என் கால்கள்.

பழனியாண்டி அண்ணன் சொல்லி முடித்ததும் எல்லோரும் புடவையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். கலியாணம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. எங்கள் சனங்களில் மாமன் மகன் உரிமைக்காரன். மாமன் வீட்டிலிருந்து வந்த புடவையை வயசுப் பெண் தைப்பொங்கலுக்குக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தாம்பாளம் மாற்றுவதெல்லாம் அப்புறம் சாவகாசமாக நடக்கும்.

பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

போட்டது திரும்புமா

போன மாதம் என் தம்பி மகன் வந்திருந்தான். ஏதோ டிகிரி படிக்கப் போகிறானாம். எந்தப் படிப்பில் செலவு குறைச்சல், எதில் போட்ட காசு சீக்கிரம் திரும்பும், அத்தை நீங்க டீச்சரா இருந்தவங்கதானே சொல்லுங்க என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் வியாபாரமாகப் பார்க்கிறார்கள் என்று அவன் அப்பா தலையில் அடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடே, அந்தக் காலத்திலும் இதே கேள்விதான். ஒரு லயம் முழுக்கக் குழாயடியில் நின்று இதைத்தான் பேசியது.

அப்பா எனக்கு டாக்டர் படிப்பு என்றார். அது முடிவதற்குள் தம்பி தங்கைகளுக்கு நரை தட்டிவிடும் என்று அவரே விட்டுவிட்டார். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒரு நாள் அப்பாவை நிறுத்தி வைத்து, பேராதனையில் கலைப் படிப்பு இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறது, செலவும் குறைச்சல், பொம்பளைப் பிள்ளைக்கு அது போதும் என்றாராம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தேயிலைக்கு மருந்தா அடிக்கப் போகிறாள் என்றும் கேட்டிருக்கிறார். அதை அப்பா சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. யாரும் கெஞ்சவும் இல்லை, ரொட்டி தீர்ந்துவிட்டது.

உண்மையில் கெமிஸ்ட்ரி எனக்குப் பிடித்ததே அந்த மருந்தால்தான். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்த காலம். அப்பா மருந்தடிக்கிற ஆட்களுக்குச் சில்லறைக் கங்காணி. அது செம்பு கலந்த மருந்து. சாயங்காலம் வீடு திரும்பும்போது அவர் நகக்கண், பனியன், சில நாள் மீசை நுனி கூடப் பச்சையும் நீலமுமாக இருக்கும். சவுக்காரம் போட்டால் போகாது. அம்மா புளித்தண்ணீரில் பனியனை ஊறவைத்துத் தேய்ப்பார், கறை கழன்று போகும். சவுக்காரத்துக்குப் போகாதது புளிக்கு ஏன் போகிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். போகுது, அவ்வளவுதான், போய்த் தண்ணி எடுத்துட்டு வா என்பார் அம்மா.

புளியில் இருக்கிற அமிலம் செம்பைக் கரைத்துவிடும் என்ற பதில் எனக்கு ஹட்டனில், பாடசாலையின் சோதனைக்கூடத்தில்தான் கிடைத்தது. அழுகின முட்டை நாற்றமும் ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடருமாக இருந்த அந்த அறைக்குள் போனால் எனக்கு வெளியே வர மனமே இருக்காது. மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

கெமிஸ்ட்ரி என்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும், பேராதனையில் அப்போது விஞ்ஞானம் கிடையாது. கொழும்பில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டும். அங்கே எங்களுக்கு ஒரு ஈ காக்காயைக் கூடத் தெரியாது. திருச்சி என்றால் காலேஜ் கட்டணம் மட்டும்தான், மிச்சமெல்லாம் மாமா தலையில். யார் கணக்குப் போட்டாலும் திருச்சிதான் மலிவு.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். மாமன் மகனின் முகம் கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அக்கறை இல்லை. அந்த ஊரில் ஒரு சோதனைக்கூடம் இருந்தால் போதும், கலியாணத்தைப் போகிற போக்கில் முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பதினெட்டு வயதில் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அம்மாவோ புடவையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போய்விட்டார். நான் விடாமல் நச்சரித்தபோது ஒரே ஒரு முறை பதில் சொன்னார்.

"போனா வரமாட்டே. நா ஒன்ன மறுபடி பாக்கமாட்டேன். அத நெனச்சா எனக்குக் கையே ஓடல."

எங்கே விற்பது

ஹட்டனில் நாங்கள் துணி எடுக்கிற கடை ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். நல்ல மனுசர், ஆனால் எந்தப் பேச்சையும் கடைசியில் துணி விற்பனையில் கொண்டுபோய் முடிப்பார். தம்பிக்குச் சட்டைத் துணி எடுக்கப் போனபோது அம்மா அவரிடம் மாமாவின் செய்தியைச் சொன்னார். கேட்டுக்கொண்டே அவர் துணியைக் கிழித்தார்.

"எங்க மலிவா வாங்குறதுங்கிறது பெறகு, தங்கச்சி. வாங்கின சாமான எங்க விக்கப் போறீங்க?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. நானா விளக்கினார். மகள் திருச்சியில் படித்துப் பட்டம் வாங்கினால் அங்கேதான் வேலை. திரும்பி இங்கே வந்து உத்தியோகம் பார்க்க வேண்டுமென்றால் அவள் இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருடைய மனு என்ன ஆச்சு?

இந்த மனுவைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் சனங்களின் பிரஜாவுரிமை போய்விட்டது. அதற்கப்புறம், இந்த நாட்டிலேயே வாழ்ந்து வந்தோம், இங்கேயேதான் இருக்கப்போகிறோம் என்று நிரூபித்தால் கொடுப்பதாகச் சொன்னார்கள். அப்பா எங்கள் பேரெல்லாம் சேர்த்து மனுப் போட்டு வருசக்கணக்காகக் காத்திருந்தார். விசாரணைக்குக் கூப்பிட்டால், இந்தியாவில் உனக்கு யார் இருக்கிறார்கள், அங்கே பிள்ளையை அனுப்பினாயா, பணம் அனுப்பினாயா என்று துருவுவார்கள். பெரிய மகள் லால்குடியில் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டோடு மனு விழுந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

திரும்பும் வழியில் அம்மா எனக்கு முன்னால் நடந்தார். தம்பியின் சட்டைத் துணி என் கையில் இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும்தான், அண்ணன் கேட்டதற்கு எந்த வாயால் மாட்டேன் என்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உரிமையோடு கேட்ட அண்ணனுக்கு, சனங்கள் ஒத்துக்கொள்கிற காரணமில்லாமல் பெண் இல்லையென்றால் பிறந்த வீட்டு உறவு அதோடு அறுந்துபோகும். கடலுக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு அண்ணன்தான்.

ஒரு நூல்

பொங்கல் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பெட்டியிலிருந்து புடவையை எடுத்துக் காற்றாட வைத்தபோது மீனாட்சி அக்கா வந்தார். தடவிப் பார்த்தார். அசல் பட்டுதானா என்றார். பொறாமை கொஞ்சம் இருந்திருக்கும், அக்காவுக்கும் வயசுப் பெண் இருந்தாள்.

"ஏன் புள்ள, ஒன் படிப்புல பட்டு எதுன்னு பாக்குறதுக்கு ஏதும் வழி இருக்கா?"

இருக்காதா பின்னே. சோதனைக்கூடத்தில் சார் செய்து காட்டியிருந்தார். பட்டு பூச்சியிலிருந்து வருவது, ஆகவே கொளுத்தினால் தலைமயிர் கருகின நாற்றம் வரும். மரக்கூழிலிருந்து செய்கிற போலிப் பட்டு காகிதம் எரிகிற மாதிரி எரியும். மாமா அனுப்பியது அசல் என்று நிரூபித்து அக்கா வாயை அடைப்பதற்காக நான் சிம்னி விளக்கை ஏற்றினேன். முதலில் என் தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கிக் காட்டினேன். குப்பென்று நாறியது. அம்மா முகத்தைச் சுளித்தார்.

அப்புறம் புடவை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிச் சுடரில் பிடித்தேன்.

பழைய கொப்பித் தாளைக் கொளுத்தினால் வருமே, அந்த வாசனை வந்தது. சாம்பல் பஞ்சு போல் பறந்தது. நான் நம்பாமல் இன்னொரு நூலை உருவினேன். அதுவும் காகிதம்தான்.

மீனாட்சி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவின் மேல் உள்ள பிரியத்தில் வந்த கோபம். பெண் கேட்டு அனுப்புகிற சீரில் போலியா அனுப்புவார்கள், இதைவிட நல்ல காரணம் வேண்டுமா, குறை இருக்கிறது என்று சொல்லிப் புடவையைத் திருப்பி அனுப்பு, நீயும் தப்பிப்பாய் என்றார். அவர் சொன்னது சரிதான். சீரில் குற்றம் கண்டு பெண்ணை நிறுத்தினால் ஊரில் யாரும் அம்மாவைப் பழி சொல்ல முடியாது.

எனக்கோ கண்ணில் தண்ணீர் முட்டியது. மாமாவுக்காக இல்லை. என் திருச்சி போகிறதே என்றுதான்.

அம்மா புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தார். பிறகு எழுந்து, வா என்று என்னையும் கூட்டிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினார். பழனியாண்டி அண்ணன் வாசலில் உட்கார்ந்து, தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா புடவையைப் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணே, எங்க அண்ணே வீட்ல அன்னிக்கி என்ன சாப்பிட்டீங்க?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஏன் கேக்குறே தாயி என்றார். சும்மாதான் என்றார் அம்மா. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குச் சோறு பொங்கிப் போட்டாங்க. அவங்க பெறகு சாப்பிடுறோம்னாங்க. ராத்திரி தண்ணி குடிக்கப் போனேன். அடுப்படியில ஒங்க அண்ணன், அண்ணி, மகன் மூணு பேரும் கூழு குடிச்சுக்கிட்டு இருந்தாங்க."

அதற்கப்புறம் எல்லாம் வந்துவிட்டது. மூத்த மகள் கலியாணத்துக்கு நிலத்தை விற்றாகிவிட்டது. மாமா யாருடைய களத்திலோ நெல் அளக்கிறார். மாமன் மகன் திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிறான். தங்கச்சியிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள் என்று மாமா கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம். பிறகு எதற்காக என்னைக் கூப்பிட்டார் என்று நான்தான் கேட்டேன். பழனியாண்டி அண்ணன் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் சொன்னார், சிலோனில் இருக்கிற தங்கச்சி வசதியாக இருக்கிறாள், அந்தச் சம்பந்தம் வந்தால் மகன் கரையேறிவிடுவான் என்று மாமாவுக்கு நினைப்பாம்.

அம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் மாமாவை நம்பி, மாமா எங்களை நம்பி. சிரித்துக்கொண்டே இருந்தவர் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

பொங்கலன்று

பொங்கலன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்தார். பெட்டியைத் திறந்து அந்த மாம்பழ நிறப் புடவையை எடுத்தார். நான் கையை நீட்டினேன். எனக்குக் கொடுக்காமல் தானே கட்டிக்கொண்டார்.

அதைக் கட்டிக்கொண்டு, பொங்கல் பானைக்கு முன்னால் நின்று, அப்புறம் லயம் முழுக்கப் பார்க்கும்படி கோயிலுக்கு நடந்தார். என் அண்ணன் எனக்குப் பொங்கச் சீரு அனுப்பியிருக்கு, நல்லாருக்கா என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். மீனாட்சி அக்கா ஒரு நிமிசம் திகைத்தார், பிறகு அவரும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு, அண்ணன்னா இப்படில்ல இருக்கணும் என்று வாய் நிறையச் சொன்னார். நூலைப் பற்றி அவர் சாகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவ்வளவுதான் விஷயம். மகள் கட்டினால் அது பெண் கேட்ட புடவை. தங்கச்சி கட்டினால் அண்ணன் சீர். மாமாவுக்கும் குறைவில்லை, எங்களுக்கும் பேச்சில்லை. அடுத்துக் கப்பலேறியவர் மூலம், சீர் வந்து சேர்ந்தது, ரொம்பச் சந்தோசம், பாக்கியத்தை அனுப்பினால் மனு கெட்டுவிடும் என்கிறார்கள், அதனால் கொழும்பிலேயே படிக்கட்டும் என்று அம்மா சொல்லியனுப்பினார். சொன்னது அத்தனையும் நிசம்.

நான் அம்மாவோடு சில நாள் பேசவில்லை. கொழும்பில் யார் சோறு போடுவார் என்று குத்தலாகக் கேட்டேன். நான் போடுறேன் என்றார்.

போட்டார்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றன்றைக்கே கூலி தருகிற கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனார். மழைக்குக் கம்பளியைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர் மலையேறுவதை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டே பார்ப்பேன். அதற்கப்புறம் புத்தகத்தை மூடத் தோன்றாது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதற்கான செய்முறைப் பரீட்சை கொழும்பில் நடந்தது. என்னவென்று தெரியாத ஒரு வெள்ளைத் தூளைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். காரம் சேர்த்துச் சூடாக்கியதும் எங்கள் தோட்டத்து உர ஸ்டோரின் வாசனை மூக்கில் ஏறியது. அமோனியா. வீட்டு ஞாபகத்தில் அழுகை வந்துவிட்டது, மேற்பார்வையாளர் அது தூள் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டார்.

இடம் கிடைத்தது. கொஞ்சம் உதவிப் பணமும் கிடைத்தது. மிச்சத்தை அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் கட்டின. நடுவில் ஒரு நாள் அப்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளில் யாராவது இந்தியாவில் இருக்கிறார்களா என்று கேட்டபோது, யாருமில்லைங்க, மூத்தது கொழும்புல படிக்குது என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம். நான் பட்டம் வாங்குவதற்குள் எங்களுக்குப் பிரஜாவுரிமை வந்துவிட்டது. எங்களைப் போல் மனுப் போட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு வரவில்லை. பழனியாண்டி அண்ணனுக்கு வரவில்லை.

முதல் சம்பளம்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கெமிஸ்ட்ரி டீச்சராக நியமனம். முதல் சம்பளத்தோடு நேரே நானா கடைக்குப் போனேன். இந்தியப் புடவை வரத்துக் குறைந்துபோன காலம். நானா உள்ளேயிருந்து ஒரு காஞ்சிபுரத்தைக் கொண்டுவந்து போட்டு, கொளுத்திப் பாருங்க மகள் என்று தானே தீப்பெட்டியை நீட்டினார். அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போல.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தேன். அம்மா விளக்கை இழுத்தார். ஓரத்தில் ஒரு நூலை உருவிச் சுடரில் காட்டி மோந்து பார்த்தார்.

"மயிரு நாத்தம் நாறுது. பட்டுதான்."

கட்டிக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் மடிப்பைச் சரிசெய்து, மேலே ஒரு துண்டைச் சுற்றி, பிரஜாவுரிமை கிடைக்காமல் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பப்போகிற பழனியாண்டி அண்ணன் எப்போது கப்பலேறுகிறார் என்று கேட்டார். மாமன் மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. வரப்போகிற பெண் முகூர்த்தத்துக்குக் கட்டட்டுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இதற்காகவா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நனைந்தாய், உனக்கென்று ஒரு நல்ல துணி இருக்கிறதா, அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை.

"இல்லாதப்பவும் ஒனக்குச் சோறு போடுறேன்னு சொன்னவரு, புள்ள. இருக்கப்ப நாம ஒரு சீல குடுக்கக் கூடாதா?"

நான் போய்ப் பெட்டியிலிருந்து கற்பூரத்தை எடுத்துவந்தேன். புடவை மடிப்புக்குள் வைத்து, துண்டைச் சுற்றி, நானே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அந்த வருசப் பொங்கலுக்கும் அம்மா அந்த மாம்பழ நிறப் புடவையைத்தான் கட்டினார்.